ஊசிப் பாத்திரம்

மாத்திரைப் பொட்டலம் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே பறந்ததை நாகலக்ஷ்மி பால்கனியில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். கீழே பால்காரன் எருமை கட்டியிருந்த கொட்டகையின் தகரக் கூரையில் விழுந்து பொட்டலம் பிரிந்தது. பதினோரு மாத்திரைகள் மீதி இருந்தன. இரண்டு நாளாக அடித்துப் பெய்த மழை அப்போது தூறலாக இருந்தது. தகரத்தின் பள்ளங்களில் உருண்டு நின்ற வெள்ளை மாத்திரைகள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் கரைந்து, பாலாகி, வழிந்து போயின. இறங்கிப் போய்ப் பொறுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமையான அன்று காலையில்தான் அவள் தூரமாகியிருந்தாள். மூன்று நாளைக்கு இந்த நாலடி பால்கனிதான் அவளுக்கு வீடு.

"நின்னு போனதை மருந்து முழுங்கி வரவழைச்சிண்டிருக்கா," என்று உள்ளே அவள் புருஷன் அனந்தநாராயணன் சொன்னார். அக்காவிடம் பேசுவது போல, பால்கனிக்குக் கேட்கும்படி பேசினார். "நாப்பத்தெட்டு வயசுல. விடிஞ்சா அப்பாவோட தெவசம். பண்ணி வைக்கற வாத்தியார் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"அஞ்சாம் நாள் வச்சுக்கறோம்னு சொல்லிட்டு வா. எந்த ஆத்துலயும் நடக்காததா," என்றாள் அபயாம்பாள். அவருக்கு ஆறு வயது மூத்தவள். பத்தொன்பது வயதில் புருஷனை இழந்து, தம்பிக்கு பம்பாயில் வேலை கிடைத்தபோது அவரோடு மாட்டுங்காவுக்கு வந்தவள். பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்ட இந்த இரண்டு அறை வீட்டின் மடி விழுப்பு ஆசாரமெல்லாம் அவள் கண்பார்வையில்தான் நடந்தன. இப்போது அந்தக் கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. முழங்காலும் போய்விட்டது. அதிகாரம் மட்டும் போகவில்லை.

"அது என்ன மருந்துன்னு தெரியுமோ நோக்கு? குதிரை மூத்திரமாக்கும். ஆபீஸ்ல சுப்ரமணியன் சொன்னான். சினைக் குதிரையோட மூத்திரத்தைக் காய்ச்சி மாத்திரை பிடிக்கறானாம் வெள்ளைக்காரன். அதை முழுங்கிட்டுத்தான் மூணு வாரமா நமக்குச் சமைச்சுப் போட்டிருக்கா."

அபயாம்பாள் எழுந்து போய் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

நாகலக்ஷ்மிக்குப் பத்து மாதத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. வீட்டில் அதை ஒரு நல்ல சேதி போலத்தான் எடுத்துக்கொண்டார்கள். மாதம் மூன்று நாள் அடுப்படிக்கு ஆள் தேட வேண்டாம், பண்டிகையும் திவசமும் வரும்போது விரல் விட்டு எண்ண வேண்டாம். "இனிமே நீ எப்பவும் மடிதான்," என்று அபயாம்பாள் சுவாமி அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்தாள். சாவி வந்த மாதமே நெருப்பும் வந்தது. உள்ளங்காலில் தொடங்கி முழங்கால், வயிறு, மார்பு என்று படியேறி, கழுத்தைத் தாண்டும்போது காது இரண்டும் அடைத்துக்கொள்ளும். முகம் ரத்தமாகச் சிவந்து, அடுத்த நிமிஷம் வேர்வை கொட்டி, அதற்கடுத்த நிமிஷம் குளிரில் உடம்பு வெடவெடக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவை. இரவில் ரவிக்கையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். முழங்கை, மணிக்கட்டு எல்லாம் வலித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக மயிர் வந்தது. தலையில் போனது போதாதென்று மோவாயில் இரண்டு முளைத்தது. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது காரணமில்லாமல் அழுகை வந்தது. பித்தம் என்றார்கள். நெல்லிக்காய் தின்னச் சொன்னார்கள். "பொம்மனாட்டிகளுக்கு இந்த வயசுல இருக்கறதுதான்," என்று அனந்தநாராயணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

அவருக்கும் வயதாகிக்கொண்டுதான் இருந்தது. கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட்கிளார்க். வருகிற தை மாதம் ஐம்பத்தைந்து முடிகிறது. திடகாத்திரமாக இருக்கிற ஆட்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பு உண்டு என்று துரை சொல்லியிருந்தார். இவருக்கோ மத்தியானம் மூன்று மணிக்கு மேஜையிலேயே கண் செருகியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயிறு முன்னால் வந்து தோள் சரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு ஆனபோது அதை யாரும் வயது என்று சொல்லவில்லை. வியாதி என்றார்கள். தாதரில் ஒரு டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்து, உடம்பில் சுரக்கிற சத்து குறைந்துவிட்டது, ஊசி போட்டு நிரப்பிவிடலாம் என்றார். செவ்வாயும் வெள்ளியும் காலையில் கம்பவுண்டர் கோமதிநாயகம் தோல் பையோடு வீட்டுக்கே வந்தான்.

ஊசியைக் கொதிக்க வைத்துக் கொடுப்பது நாகலக்ஷ்மியின் வேலை. அலுமினியப் பாத்திரம் அடியில் ஓட்டை என்று, சுவாமிக்கு நெய் உருக்குகிற சின்ன வெண்கலக் கிண்ணியை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அவர். கண்ணாடியும் இரும்பும்தானே, கொதித்தால் எல்லாம் சுத்தம் என்று அபயாம்பாளும் சம்மதித்தாள். வெங்காயம் நுழையாத சமையலறை அது. வாரத்துக்கு இரண்டு முறை அங்கே கரியடுப்பில் வெண்கலக் கிண்ணி ஏறும். ஊசி போட்டு முடித்ததும் மறுபடி ஒரு கொதி. அந்தத் தண்ணீரின் மேல் மெல்லிசாக எண்ணெய் படரும். கிண்ணியில் பழைய நெய் ஒட்டியிருக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டு புளி போட்டுத் தேய்ப்பாள்.

"இன்னும் ஒரு மாசம் பாருங்கம்மா. ஐயா காளையாட்டம் திரிவாக," என்று கோமதிநாயகம் தானே சொல்லித் தானே சிரிப்பான்.

திரியத்தான் செய்தார். முகத்தில் வாலிபப் பையனைப் போல் பரு வெடித்தது. குரல் உயர்ந்தது. உப்பு ஒரு கல் கூடினால் தட்டு நகர்ந்தது. நாலு வருஷமாகத் தனியாகக் கிடந்த அவள் பாய்க்கு மறுபடியும் வரத் தொடங்கினார். அவளுக்கு அங்கே எரிந்தது. உலர்ந்த தோலை அரத்தால் ராவுகிற மாதிரி இருந்தது. சொன்னாள். "நோக்கு வயசாயிடுத்து, அதான்," என்றார். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

ரேஷன் கடை வரிசையில்தான் மர்யத்தைப் பார்த்தது. யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் வரிசை முடியவில்லை. நின்ற இடத்திலேயே நெருப்பு ஏறி நாகலக்ஷ்மி சுவரைப் பிடித்தபோது, பின்னால் நின்ற வெள்ளைப் புடவைக்காரி ரேஷன் அட்டையால் விசிறிவிட்டாள். வடாலாவில் ஒரு தர்ம டிஸ்பென்சரியில் நர்ஸ். திருநெல்வேலிப் பக்கம்.

"நின்னு எத்தனை மாசம் ஆச்சுக்கா?" என்று காதோடு கேட்டாள். "இது பித்தமும் இல்ல, பேயும் இல்ல. எங்க டாக்டரம்மாகிட்ட ஒருக்கா வாங்க. மருந்து இருக்குல்லா."

டாக்டரம்மா பார்சிக்காரி. அவள் ஹிந்தியில் சொன்னதை மர்யம் தமிழில் சொன்னாள். உடம்புக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது, அது இத்தனை வருஷம் சுரந்தது இப்போது வற்றுகிறது, அதற்குப் பழகிய உடம்பு கிடந்து தவிக்கிறது. அதற்கு ஒரு பெயரும் சொன்னாள். ஹார்மோன். கோவில் பிரசாதம் அளவுக்கு ஒரு பொட்டலம். நாலாம் நாள் இரவு நாகலக்ஷ்மி தூங்கினாள். எருமை கறக்கிற சத்தத்தில் விழித்தபோது ரவிக்கை உலர்ந்திருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்று வாரம் அப்படிப் போயிற்று. மூன்று வாரமும் தகரக் கூரையில் கரைந்து எருமைச் சாணியோடு கலந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் கோமதிநாயகம் வந்தான். கரியடுப்பை அபயாம்பாள் தடவித் தடவி மூட்டி கிண்ணியை ஏற்றினாள். பால்கனிக் கதவு இடுக்கு வழியாக, அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது தெரிந்தது. கண்ணாடிக் குழலில் மஞ்சளாக ஏதோ இறங்கியது. மறுபடி நெருப்பு அவள் காலைப் பிடித்தது. மருந்து நின்று இரண்டே நாள். அது ஏறி இறங்கும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்கியபோது மனசில் ஒரு கேள்வி மட்டும் நின்றது. என்னுடையது குதிரை என்றால் இவருடையது என்ன? மூன்று மாதமாகத் தன் கையால் கொதிக்க வைத்திருக்கிறாள். இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மத்தியானம் அபயாம்பாள் தள்ளி நின்று அவள் தட்டில் மோர்சாதத்தைப் போட்டாள். போட்டுவிட்டுப் போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துடுத்தா மறுபடியும்?"

"என்னது?"

"எரிச்சல். கம்பியைப் பிடிச்சுண்டு நின்னயே."

நாகலக்ஷ்மி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நேக்கும் எரிஞ்சுது," என்றாள் அபயாம்பாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மூணு வருஷம். தலையில மயிர் இருந்தா வேர்வை கொஞ்சம் நிக்கும். நேக்கு எங்கே நிக்கறது? நேரே கண்ணுல வழியும். குழாயைத் திறந்து விட்டுண்டு உக்காந்திருப்பேன்."

"சொல்லவே இல்லையே அக்கா."

"யார்கிட்ட சொல்றது? நோக்கு அப்போ ரெண்டும் சின்னக் குழந்தை." முழங்காலைத் தடவிக்கொண்டாள். "குழாய்த் தண்ணியெல்லாம் தீந்து போறதுன்னு அனந்தன் வந்து கத்தினான். அன்னியோட குழாயடியை விட்டேன்."

தண்ணீர் தீர்ந்துபோகிறது என்று அவரிடம் போய்ச் சொன்னவள் நாகலக்ஷ்மிதான். அது அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அபயாம்பாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்து போனாள். நாகலக்ஷ்மி மோர்சாதத்தைத் தொடாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவருடைய முகத்தில் போய் மோதிக்கொண்டிருந்த கோபம் இப்போது திரும்பி வந்து அவள் மேலேயே பாய்ந்தது. பிறகு மறுபடி வெளியே போயிற்று. இந்தத் தடவை இரண்டு பேருடைய கோபத்தின் கனத்தோடு போயிற்று.

புதன்கிழமை நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, திவசத்துக்குக் காய்கறி வாங்கி வருகிறேன் என்று புறப்பட்டாள். அவருடைய ஊசி மருந்துப் பெட்டியிலிருந்த இங்கிலீஷ் காகிதம் அவள் இடுப்பில் இருந்தது. வடாலா வரைக்கும் நடந்தே போனாள்.

டாக்டரம்மா முதலில் அவளைத் திட்டினாள். மறுபடி ரத்தம் வரலாம், பயப்படாதே, வந்தால் வந்து சொல் என்று முதல் நாளே சொல்லவில்லையா என்றாள். சொல்லியிருந்தாள். மர்யம் அதைச் சொன்னபோது அறையில் வேறு பெண்கள் இருந்தார்கள். வெட்கத்தில் நாகலக்ஷ்மி சரியாகக் காது கொடுக்கவில்லை. மாத்திரை குதிரையா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, அப்படியும் ஒரு மருந்து உண்டு, உனக்குக் கொடுத்தது அது இல்லை, பாக்டரியில் செய்கிறது என்றாள். பிறகு காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். படித்துக்கொண்டே வரும்போது உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மர்யத்திடம் ஏதோ சொன்னாள். "ஸாண்ட்" என்கிற வார்த்தை மட்டும் நாகலக்ஷ்மிக்குப் புரிந்தது. மார்க்கெட்டில் கீரைக்கூடைக்குள் மூக்கை நுழைக்கிற காளையை அப்படிச் சொல்லித்தான் விரட்டுவார்கள்.

மர்யம் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீயக்கா. இது காளை மாட்டோட விதைக்கொட்டையில இருந்து எடுக்கிற மருந்து. மாடு வெட்டுற எடத்துல வாங்கிப் பண்ணுதாங்க. எண்ணெயில கலந்து ஊசியில ஏத்துதது."

எண்ணெய். வெண்கலக் கிண்ணியில் தண்ணீரின் மேல் படர்ந்த எண்ணெய். நாகலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். வாசல்படிக்கு ஓடினாள். வாந்தி வரவில்லை.

மாத்திரை மறுபடி கிடைக்குமா என்று கேட்டபோது மர்யம் கையைப் பிசைந்தாள். மாதத்துக்கு ஒரு பொட்டலம்தான். வாங்கிக்கொண்டுபோய் வெளியே விற்கிறார்கள் என்பதால், தொலைத்தவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டுமானால் வீட்டு ஆண்பிள்ளை நேரில் வந்து என்ன ஆயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "காலையில எட்டுல இருந்து பத்து வரைக்கும் இருப்போம். உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருங்க," என்றாள், வரமாட்டார் என்று தெரிந்த குரலில்.

அன்று சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்து காபி குடித்து முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"உங்க ஊசில என்ன இருக்குன்னு தெரியுமோ?"

"எதுக்குக் கேக்கறே?"

"காளை மாட்டோட விதை."

அவர் திடுக்கிடுவார் என்று நினைத்திருந்தாள். வாயில் விரலை விட்டுக் குமட்டுவார், குழாயடிக்கு ஓடுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, அக்கா காதில் விழுந்ததா என்று பார்த்தார். அவ்வளவுதான்.

"மெதுவாப் பேசு," என்றார்.

"தெரியுமா?"

"காகிதத்துல போட்டிருக்கான். நான் என்ன படிக்கத் தெரியாதவனா? மருந்துன்னு வந்தா அதுக்கு ஆசாரம் பாக்க முடியுமோ?"

"என்னோடதும் மருந்துதான்."

"அது வேற."

"எப்படி வேற?"

அவர் நிஜமாகவே யோசித்தார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. நெற்றியைச் சுருக்கி, ஆபீசில் ஒரு மனுவுக்குப் பதில் எழுதுகிறவரைப் போல யோசித்து, நிதானமாகச் சொன்னார். "நான் நாலு பேர் மத்தியில நிக்கணும். துரை பாக்கணும். நீ எங்கே போகப் போறே? ஆத்துலதானே இருக்கே."

வியாழக்கிழமை விடியற்காலையில் அவள் குளித்து, ஈரத்தோடு மடிப்புடவை சுற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் செய்து வைத்தாள். பயத்தம்பருப்பைக் களைந்தாள். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய் நறுக்கினாள். எள்ளை அரைத்தாள். ரேஷனில் மிச்சம் பிடித்த பச்சரிசியைக் கல் பொறுக்கி வைத்தாள். கரியை அடுப்பில் அடுக்கினாள். பிறகு வெண்கலக் கிண்ணியை எடுத்துப் போய் பால்கனியில், மூன்று நாள் தான் உட்கார்ந்திருந்த மூலையில் வைத்துவிட்டு வந்து, சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்தாள். மாமனாரின் முகத்தை ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். அவளை ஒரு சொல் கடிந்து பேசாத மனுஷர். நீங்கள் கொஞ்சம் காத்திருங்கள் என்று மனசுக்குள் சொன்னாள்.

ஏழரை மணிக்கு அனந்தநாராயணன் ஸ்நானம் செய்து பஞ்சகச்சத்தோடு வந்தார். அடுப்பைப் பார்த்தார்.

"என்ன, மறுபடியுமா?"

"இல்லை. மடியாத்தான் இருக்கேன்."

"பின்னே?"

"மூட்ட மாட்டேன். எட்டு மணிக்கு டிஸ்பென்சரி திறப்பா. வடாலால. ஆத்துப் புருஷா வந்து கையெழுத்துப் போட்டாத்தான் மாத்திரை குடுப்பா. நான்தான் ஜன்னல் வழியா விட்டெறிஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்கிண்டு வாங்கோ. திரும்பி வந்து இன்னொரு தரம் குளிக்கலாம். நாழி இருக்கு."

"நோக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? தெவசத்தன்னிக்கு நான் பொம்மனாட்டிகள் வரிசையில போய் நிக்கறதா?"

"வேண்டாம்னா இருங்கோ. பதினொரு மணிக்கு வாத்தியார் வருவார். அடுப்பு ஏன் எரியலைன்னு கேப்பார். நான் சொல்லுவேன்." அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "என்னோட குதிரையையும் சொல்றேன், உங்களோட காளையையும் சொல்றேன். எந்தக் கிண்ணில கொதிச்சுதுன்னும் சொல்றேன். எது வேற, எது வேற இல்லைன்னு அவர் பாத்துச் சொல்லட்டும்."

அவர் முகத்திலிருந்த பருக்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கை ஒரு முறை உயர்ந்து, பூணூலைச் சரிசெய்துகொண்டு இறங்கியது. அடிக்கவும் முடியாது. அடித்தால் அவள் அழுவாள், அழுதால் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும்.

"அக்கா," என்று கூப்பிட்டார். "நீ வந்து அடுப்பை மூட்டு."

அபயாம்பாள் சுவாமி அலமாரிப் பக்கத்திலிருந்து எழுந்தாள். காளை என்ற வார்த்தை அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அவள் வாய் கொப்பளிக்கப் போகவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு வந்து, நிலைப்படியில் இருந்தவளைத் தாண்டி, அலமாரித் தட்டில் கை வைத்துத் துழாவினாள். மஞ்சள் டப்பா, கடுகு டப்பா, அதற்குப் பக்கத்தில் தீப்பெட்டி. அதை எடுத்தாள். குலுக்கிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நேக்குக் கண்ணு தெரியலை அனந்தா," என்றாள்.

சுவர்க் கடிகாரம் எட்டு அடித்தது. அடித்து முடித்ததும் அவர் குடையை எடுத்தார். செருப்புச் சத்தம் இரண்டு மாடியும் இறங்கிப் போயிற்று.

நாகலக்ஷ்மி பால்கனிக்கு வந்தாள். மழை வலுத்திருந்தது. மூலையில் வைத்த வெண்கலக் கிண்ணி நிரம்பி, விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. கீழே அவர் எருமைக் கொட்டகையைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் வேகமாகப் போனார். அங்கே நின்றார். இடது பக்கம் போனால் வடாலா. வலது பக்கம் நாலாவது கட்டிடத்தில் வாத்தியார் வீடு. போய், இன்றைக்கு வேண்டாம், மறுபடி அசௌகரியம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

நெருப்பு உள்ளங்காலில் தொடங்கியது. முழங்காலுக்கு ஏறியது. அவள் கம்பியைப் பிடிக்கவில்லை. ஈரப் புடவையோடு நின்று, அது மார்புக்கும் கழுத்துக்கும் வருகிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் அந்தக் கறுப்புக் குடை வட்டமாக, ஒரே இடத்தில் நின்றது. அதன் கீழே அவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று மேலேயிருந்து தெரியவில்லை.